கருவி 60 என்கிறது, விரல் 41 என்கிறது

பேஸ்மேக்கர் வைத்துப் பத்து நாள் ஆகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்புக்குக் கீழே இதயத்தை இது இறங்க விடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவு தூக்கம் வராமல் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தால் நாடி 41 என்று காட்டுகிறது. கழற்றி மறுபடி மாட்டினால் 43. நெஞ்சுக்குள் ஏதோ நின்று நின்று புரள்வது போலவும் இருக்கிறது. வயர் கழன்றுவிட்டதா, பேட்டரி போய்விட்டதா? அப்புறம் எங்கே தூங்குவது!

இந்த 41 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பேஸ்மேக்கரின் வேலையில் பாதி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பேஸ்மேக்கர் பெரும்பாலும் செய்கிற வேலை, காத்திருப்பது. 60 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது ஒரு விநாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் கருவி வாயைத் திறக்காது; கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி காத்திருக்கும். துடிப்பு வரவில்லை என்றால் மட்டும் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பும். அதன் நீளம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மின்சாரத்தை இதயத் தசை உணரும், நீங்கள் உணர மாட்டீர்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி வேறு வகை; இரண்டையும் குழப்பிக்கொண்டு, எந்த நேரம் தூக்கிப் போடுமோ என்று பயந்து கிடப்பவர்கள் உண்டு. சாதாரண பேஸ்மேக்கர் அப்படிச் செய்யாது.

இப்போது இதயத்தின் கீழறை முறை தவறி முந்திக்கொண்டு ஒரு துடிப்பு துடிக்கிறது என்று வையுங்கள். மருத்துவர்கள் இதை எக்ஸ்ட்ரா பீட் என்பார்கள். நல்ல இதயத்திலும் இது வந்து போகும். அது முந்தி வருவதால் கீழறையில் இன்னும் ரத்தம் நிரம்பியிருக்காது. அரைக்குடத்தைக் கவிழ்த்த கதைதான். அந்தத் தள்ளல் விரல் நுனிவரை எட்டாது. ஆனால் பேஸ்மேக்கர் பார்ப்பது மின் அலையை மட்டும்தான். அதன் கணக்கில் இதுவும் ஒரு துடிப்பு. உடனே கடிகாரத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி ஒரு விநாடி காத்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நல்ல துடிப்பு, 0.45 விநாடியில் ஒரு எக்ஸ்ட்ரா பீட். அதன்பின் 1 விநாடி காத்திருப்பு. அடுத்த நல்ல துடிப்பு. இதே வரிசை திரும்பத் திரும்ப வந்தால், விரலுக்கு வந்து சேரும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 1.45 விநாடி. 60-ஐ 1.45-ஆல் வகுத்தால் 41. ஈசிஜியில் 82 துடிப்பு இருக்கும், விரலில் பாதிதான் தெரியும். கருவி சொன்ன சொல்லை மீறவில்லை; ஆக்ஸிமீட்டரும் பொய் சொல்லவில்லை.

அந்தப் புரளலும் இதன் பங்காளிதான். நீண்ட இடைவெளியில் கீழறை வழக்கத்தைவிட அதிகம் நிரம்பிக்கொள்வதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கும். நமக்கு உறைப்பது பெரும்பாலும் அந்த ஓங்கிய அடி. "நின்று போய்த் துடித்தது" என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வயர் நகர்ந்துபோயிருந்தாலும் நாடி குறையும். வீட்டிலிருந்தபடி இரண்டையும் பிரித்தறிய முடியாது, அதற்கு ஓர் ஈசிஜி பெரும்பாலும் போதும். எண் குறைவதோடு தலைச்சுற்றலோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ, மயக்கமோ சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வேறொரு காரணமும் இருக்கலாம்: சில கருவிகளில் தூங்கும் நேரத்துக்கென்று 50 போலக் குறைந்த எண்ணைத் தனியாக வைத்திருப்பார்கள். அதை நோயாளிக்குச் சொல்ல மறந்துவிடுவதும் நடக்கும்.

சரி, வயர் பக்கம் வருவோம். காரை எலும்புக்குக் கீழே தோலடியில் ஒரு சிறு பை போல வெட்டி, அதில் கருவியை வைக்கிறார்கள். அங்கிருந்து நரம்பு என்று நாம் பேச்சில் சொல்லும் சிரை வழியாக வயர் இதயத்துக்குள் போகிறது. அதன் நுனியில் பெரும்பாலும் ஒரு குட்டித் திருகு இருக்கும். அது இதயத்தின் உட்சுவரில் திருகி நிறுத்தப்படுகிறது. உடம்பின் பார்வையில் இது ஒரு காயம். திருகு நுனியைச் சுற்றி வீக்கம் கட்டும். வீங்கிய தசையைத் துடிக்கவைக்க அதிக வோல்ட் வேண்டும். இதனால் நுனியிலேயே கொஞ்சம் ஸ்டீராய்டு மருந்து வைத்து, அது மெல்லக் கசிந்து வீக்கத்தை அடக்கும்படி செய்கிறார்கள். அப்படியும் முதல் சில வாரங்களுக்குத் தேவையைவிடக் கணிசமாகக் கூடுதல் வோல்ட்டில்தான் கருவியை ஓடவிடுவார்கள். சுமார் மூன்று மாதத்தில் நுனியைச் சுற்றித் தழும்பு கட்டி, எல்லாம் நிலைபெற்ற பிறகு குறைப்பார்கள்.

அந்தக் கூடுதல் வோல்ட் சில சமயம் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு (இது சிரை இல்லை, உண்மையான நரம்பு) இதயத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. அதைத் தொட்டால் விலாவுக்குக் கீழே துடிதுடிக்கும், அல்லது இதயத்துடிப்போடு தாளம் தப்பாமல் விக்கல் வரும். சிலருக்கு இடது பக்கம் படுத்தால் மட்டும் வரும். பெரும்பாலும் வோல்ட்டைச் சற்றுக் குறைத்தாலே போதும். ஆனால் நேற்றுவரை இல்லாத விக்கல் திடீரென்று ஆரம்பித்து நிற்காமல் போனால் வயர் இடம் மாறியதற்கும் அது அடையாளமாகலாம், சொல்லிவிட வேண்டும்.

தோள்வலி தனிக் கதை. நான்கு முதல் ஆறு வாரம் கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம் என்பார்கள். திருகு தழும்பில் பிடிப்பதற்கான அவகாசம் அது. பயத்தில் பலர் கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள். சில வாரத்தில் தோள் இறுகி, அந்த வலி நெஞ்சுப் பக்கம் பரவுகிறது. அதை இதய வலி என்று நினைத்துக் கையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். தோள் மட்டத்துக்குக் கீழே கையைச் சாதாரணமாக அசைப்பதில் பொதுவாகத் தடை இல்லை.

இனி, "ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ரிப்போர்ட் எல்லாம் சரி, ஆனால் எனக்கு மட்டும் ஏன் இன்னும் சோர்வு?" என்ற கேள்வி. இதற்குப் பதில் பல நேரம் கருவியின் செட்டிங்கில் இருக்கிறது. அதனால்தான் "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று யாராவது அவசரப்பட்டுச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

உடம்பு எப்போது அதிக ரத்தம் கேட்கிறது என்பதைக் கருவி எப்படி அறியும்? பல கருவிகளில் அசைவை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. உடம்பு குலுங்கினால் நடக்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டும். இதயத்தின் சொந்த முடுக்கி பழுதானவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சென்சாருக்கு நடையும் தெரியாது, மேடுபள்ளமான சாலையும் தெரியாது, தெரிந்ததெல்லாம் குலுக்கல். வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கும். உடற்பயிற்சி சைக்கிளில் மூச்சிரைக்க மிதித்தாலோ, மார்பு அதிகம் அசையாததால் கருவி அசையாமல் இருக்கும், கால் தளர்ந்துபோகும். இது சென்சாரின் உணர்திறனை மாற்றிச் சரிசெய்கிற விஷயம்.

இன்னொரு சிக்கல் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வருவது. மேலறை முதலில் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள, பிறகு கீழறை சுருங்க வேண்டும். கீழறையில் மட்டும் வயர் இருந்தால், கருவிக்கு மேலறை என்ன செய்கிறது என்பதே தெரியாது. சில நேரம் கீழறை சுருங்கி வால்வு மூடியிருக்கும் அதே நொடியில் மேலறையும் சுருங்கும். ரத்தம் மூடிய கதவில் மோதிப் பின்னால் எகிறும். கழுத்தில் குதிப்பது போலத் துடிக்கும், தலை கிறுகிறுக்கும், சோர்வு, மூச்சுத்திணறல். இதற்கு பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்றே பெயர். செட்டிங்கை மாற்றியோ, மேலறைக்கும் ஒரு வயர் வைத்தோ சரிசெய்கிறார்கள்.

மருந்தையும் மறக்கக் கூடாது. துடிப்பை மந்தமாக்கும் மாத்திரைகளை, மெதுவான இதயத்துக்கு முன்பு கொடுக்கத் தயங்கியிருப்பார்கள். இப்போது அடியில் தாங்கிப்பிடிக்கக் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் சேர்ப்பதுண்டு. சோர்வு அந்த மாத்திரையிலிருந்தும் வரலாம்.

ஆக, காயம், செட்டிங், மாத்திரை என்று மூன்று இடத்தில் தேடியாயிற்று. எல்லாம் சரியாகவே இருந்தும் பயம் போகவில்லை என்றால்?

பல மாதம் நிமிடத்துக்கு 35, 40 என்று துடித்த இதயத்துக்குத் திடீரென்று 70 என்றால், அதுவே ஓட்டம் போலத் தெரியும். மூளையில் இன்சுலா என்றொரு பகுதி உண்டு. இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் நிலை என்று உள்ளிருந்து வரும் செய்திகள் அங்கே வந்து சேர்கின்றன. பழகிய செய்தியை மூளை பொருட்படுத்தாது. செய்தி மாறினால் கவனிக்கும். கவனித்தால் பயம் வரும், பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் எக்ஸ்ட்ரா பீட்டைக் கூட்டும். மறுபடி 41! பயத்தால் வரும் அந்தத் துடிப்பு கற்பனை இல்லை, ஈசிஜியிலேயே பதியும்.

பயந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தெரியும். இதயம் வேகமாகத் துடித்தால் அதனாலேயே பயம் வருமா? நூறு வருடத்துக்கும் மேலான இந்தக் கேள்வியை 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசராத் குழுவினர் எலிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். எலியின் இதயத் தசையில் ஒளி பட்டால் துடிக்கவைக்கும் ஒரு புரதத்தை உண்டாக்கி, மேலே விளக்கு வைத்த குட்டிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஒளியால் இயங்கும் பேஸ்மேக்கர் என்று சொல்லலாம். விளக்கைச் சிமிட்டித் துடிப்பை நிமிடத்துக்கு 900 வரை ஏற்றினார்கள். ஆபத்தில்லாத இடத்தில் எலி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திறந்த வெளி, உயரம் என்று கொஞ்சம் அபாயம் உள்ள இடத்தில் அதே துடிப்பு எலியை ஒடுங்கவைத்தது. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியபோது, துடிப்பு வேகமாக இருந்தும் பயம் குறைந்தது.

எலியை அப்படியே மனிதரோடு வைத்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, துடிப்பு மட்டும் பயத்தை உண்டாக்கவில்லை, துடிப்போடு இடமும் சேர வேண்டியிருந்தது என்பது. இதயத்தில் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குச் சில வாரத்துக்குத் தன் படுக்கையறையே அபாயமான இடம். தூங்கினால் நின்றுவிடுமோ என்ற எண்ணம் அங்கேதான் காத்திருக்கிறது. இரவில் ஐந்து தடவை நாடி பார்ப்பது அந்த இடத்தை இன்னும் அபாயமாக்குகிறது. மெல்ல மெல்ல நடையைக் கூட்டுவது, கண்காணிப்போடு செய்யும் இதயப் பயிற்சி, பயத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தரும் மனநல சிகிச்சை இவையெல்லாம் உதவுவது, அதே துடிப்பை அபாயமில்லாத இடத்தில் மூளைக்குப் பழக்குவதால்தான். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் அதையும் ஓர் அறிகுறியாகவே மருத்துவரிடம் சொல்லலாம்.

கருவி மேலுள்ள அவநம்பிக்கைக்கு ஒரு பழைய கதை. 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடனில், ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்த, உடம்புக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரை ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்தார். அது சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. வேறொன்று வைத்தார்கள். வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், அதைச் செய்தவரும் வைத்தவரும் போன பிறகு, 2001-இல் தம் 86-ஆவது வயதில், இதயத்துக்குச் சம்பந்தமில்லாத புற்றுநோயால்தான் இறந்தார். இன்றைய லித்தியம் பேட்டரி சட்டென்று அணைவதில்லை. தீரப்போவதைப் பல மாதம் முன்பே கருவி காட்டிக்கொடுக்கும்.

மயக்கம் திரும்பி வருவது, மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போவது, மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, காய்ச்சல், தையல் இடம் சிவந்து சீழ் கசிவது, கருவி வைத்த பக்கத்துக் கை வீங்குவது: இவற்றில் எதுவும் பழகிப்போகும் ரகமில்லை, அன்றே காட்ட வேண்டியவை.

மற்றதையெல்லாம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, மணி என்ன, எவ்வளவு நேரம் இருந்தது. கருவிக்குள் ஒரு நினைவகம் இருக்கிறது. செக்கப்பில் மார்பின் மேல் ‘வாண்ட்’ என்ற சிறு கைக்கருவியை வைத்தோ, கம்பியில்லாமலோ அதைப் படிப்பார்கள். பதிவும் உங்கள் குறிப்பும் ஒத்துப்போனால் எந்தச் செட்டிங்கைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு வோல்ட்டைப் படிப்படியாகக் குறைத்து, எந்த இடத்தில் இதயம் பதில் சொல்லாமல் போகிறது என்று சோதிப்பார்கள். அப்போது ஓரிரு நொடி என்னவோ போல இருக்கலாம், அது சோதனையின் பகுதி.

ஆக்ஸிமீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஈசிஜி திரையில் ஓடும்போது அதை விரலில் மாட்டிக்கொண்டு, திரையில் இரண்டு அலைக்கு விரலில் ஒன்று வருகிறதா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.