பீங்கான்: எங்கிருந்து வந்த சொல், எதற்குப் பொருந்தும்?

ஸ்டூடியோவில் வனைந்த கோப்பைகளைக் கீழக்கரைப் பக்கம் விற்பனைக்கு வைத்தால், ‘இது பீங்கானா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலும் இல்லை. ஆனால் பளபளவென்று பூச்சு இருந்தால் போதும், நமக்கு ஊறுகாய் ஜாடியும் பீங்கான், வாஷ்பேசினும் பீங்கான்.

சொல் பாரசீகத்தது. அங்கே ‘பிங்கான்’ என்றால் கிண்ணம், அவ்வளவுதான். அடியில் துளையிட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தைக் கொண்டு பாசன முறை பிரித்த செம்புக் கிண்ணத்துக்கும் இதே பெயர். அரபியில் இது ‘ஃபின்ஜான்’ ஆகி காபிக் கோப்பையைக் குறித்தது. மலாயில் ‘பிங்கான்’ என்றால் தட்டு. பாக் நீரிணைக்கு அக்கரையில் சிங்களவர் சாப்பிடும் தட்டு ‘பிங்கான’. கப்பல் போன வழியெல்லாம் சொல்லும் போயிருக்கிறது.

தமிழில் பாத்திரத்தின் பெயர் அதன் பொருளுக்கே பெயரானது. இந்தக் கரையில் அது வியப்பில்லை. கீழக்கரைக்குப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அந்தச் சரக்குக்கு ஒரு பெயர் வேண்டியிருந்திருக்கும்.

சரி, எது பீங்கான், அதாவது ஆங்கிலத்தின் போர்சலின்? கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களைச் சேர்த்து, 1,250 டிகிரிக்கு மேல் சுட்டது. மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். ஊர்ச்சூளையில் வேளார் சுடும் பானை 1,000 டிகிரியை எட்டாது; நீர் கசியும், அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டோன்வேர்: 1,200க்கு மேல் வெந்து கல்லாக இறுகும், நீர் கசியாது, ஒளியும் விடாது. 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வழியாக இங்கே பரவியது முக்கியமாக இதுதான். ஊறுகாய் ஜாடியும் இந்த இனமே.

பிறமொழிச் சொல் என்று பீங்கானை விரட்ட வேண்டாம். போர்சலினுக்கு அதுவே இருக்கட்டும். ஸ்டோன்வேருக்குக் கற்கலம் என்பேன். செராமிக் என்ற பொதுச்சொல்லுக்கு வனைகலம் ஓரளவு சரி, ஆனால் சக்கரத்தில் வனையாத டைல்ஸை அதில் அடக்க முடியாது. குயவரைப் புறநானூறு 228ஆம் பாட்டு ‘கலஞ்செய் கோவே’ என்று அழைக்கிறது. ஸ்டூடியோக்காரருக்கும் அது பொருந்தும், கலம் என்றால் கப்பலும்தான் என்பதால் கடலோரத்தில் மட்டும் படகு கட்டுபவர் என்று நினைத்துவிடலாம். கிளேஸுக்கு மெருகு என்கிறார்கள். எனக்குப் பளிங்குப்பூச்சு பிடிக்கும்: அந்தப் பூச்சு உண்மையில் உருகிய கண்ணாடிதானே.