ட்ரிப்ஸ் ஏற்றுவதில் வேகமும் ஒரு மருந்துதான்

வாயால் விழுங்கும் மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்துதான் ரத்தத்தில் கலக்கிறது. சிரை வழியாக ஏற்றும் மருந்துக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. சில நொடிகளில் இதயத்தை எட்டிவிடும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால்தான் என்ன மருந்து, எவ்வளவு என்பதோடு எத்தனை நிமிடத்தில் என்பதையும் செவிலியர் கேட்டே ஆக வேண்டும்.

மருந்தேற்றும் பம்ப் இல்லாத இடத்தில் வேகத்தை முடிவு செய்வது சொட்டுக் கணக்கு. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது ஐ.வி. செட்டின் (பையையும் சிரையையும் இணைக்கும் குழாய்) உறையிலேயே அச்சாகியிருக்கும். சாதாரண செட் என்றால் 10, 15 அல்லது 20. மைக்ரோ செட் என்றால் 60. ஏற்ற வேண்டிய மில்லியை இந்த எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில், 20 சொட்டு செட்டில் ஏற்றுவதானால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. உறையைப் பார்க்காமல் 10 சொட்டு செட்டை மாட்டி அதே 42-ஐ ஓடவிட்டால், பை 2 மணி நேரத்திலேயே காலியாகிவிடும். மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

ஒருமுறை சரிசெய்த வேகம் அப்படியே நிற்காது. நோயாளி முழங்கையை மடக்கினாலோ, எழுந்து உட்கார்ந்தாலோ சொட்டு மாறும். ட்ரிப்ஸ் பின்தங்கிவிட்டதென்று கிளாம்பை (குழாயை அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடி) முழுக்கத் திறந்து ஈடுகட்டுவது பெரும் தவறு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு அந்தத் திரவம் நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சுத் திணறுவதும், புதிதாக வரும் இருமலும் அதன் தொடக்கம்.

எல்லாவற்றிலும் பொட்டாசியம் குளோரைடைத்தான் அதிகம் பயந்து கையாள வேண்டும். 15 சதவீதக் கரைசல் கொண்ட 10 மில்லி ஆம்ப்யூலில் (சிறு மருந்துக் குப்பி) 20 மில்லிமோல் (வேதிப்பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) சுமார் 3 லிட்டர். லிட்டருக்கு 4 மில்லிமோல் வீதம் பார்த்தால் அதில் இருப்பதே மொத்தம் 12 மில்லிமோல்தான். ஒரே ஆம்ப்யூலை நேராகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஆகவே நீர்த்துத்தான் தர வேண்டும். கையிலுள்ள சிரையில் பொதுவாக லிட்டருக்கு 40 மில்லிமோலுக்கு மேல் போகாமல், மணிக்கு 10 மில்லிமோல் அளவில் ஏற்றுவார்கள். அதைவிட வேகம் தேவையானால் ஈ.சி.ஜி. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பொட்டாசியக் கரைசல் அடர்த்தியானது. தொங்கிக்கொண்டிருக்கும் பைக்குள் அதைச் செலுத்தினால், தண்ணீரில் ஊற்றிய சர்க்கரைப் பாகு போல அடியில் தங்கும். குழாயும் அடியில்தான் இருக்கிறது; நீர்க்காத மருந்தே முதலில் இறங்கும். எனவே கிளாம்பை மூடி, பையைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும்.

எல்லா மருந்தும் எல்லாத் திரவத்தோடும் சேராது. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் கரைசல்) கலந்தால் படிகமாகும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் கால்சியத்தோடு சேர்ந்து படியும். ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் திரவத்திலும் கால்சியம் உண்டு. இப்படிப் படிந்ததில் பச்சிளங்குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒத்துப்போகாத இரண்டு மருந்துகளுக்கு நடுவே சலைனால் குழாயைக் கழுவச் சில நொடிகள் போதும்.

கேனுலா (சிரைக்குள் செருகிய சிறு குழாய்) போட்ட இடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று வீங்கியிருந்தால் திரவம் வெளியே கசிகிறது. சிவந்து, சூடாக, கயிறு போல் தடித்து வலித்தால் சிரை அழற்சி.

ரத்தம் ஏற்றும்போது உயிரைக் காப்பது கட்டிலருகே நடக்கும் சரிபார்ப்பு. “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, கைப்பட்டை, ரத்தப் பை, கிராஸ் மேட்ச் சீட்டு (ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்த சோதனைச் சீட்டு) ஆகியவற்றை இரண்டு பேர் ஒப்பிட வேண்டும். ரத்தத்துடன் ஒரே குழாயில் ஓடலாம் என்றால் 0.9 சதவீத சலைன் மட்டும்தான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கும். ரிங்கர் லாக்டேட்டின் கால்சியம் உறைவைத் தூண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; தாமதித்தால் கிருமி பெருகும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் அணுக்கள் சிதையும்.

முதல் 15 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அருகிலேயே நிற்க வேண்டும். ரத்த வகை மாறியிருந்தால் சில மில்லியிலேயே தெரிந்துவிடும்: குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு வலி, சிரையில் எரிச்சல், மனதில் இனம்புரியாத பீதி. மயக்க மருந்தில் இருப்பவரிடம் ரத்த அழுத்தம் சரிவதும் சிறுநீர் சிவப்பதும்தான் தடயம்.

அப்போது வேகத்தைக் குறைப்பது போதாது. உடனே நிறுத்த வேண்டும். குழாயிலும் அதே ரத்தம் இருப்பதால் செட்டையே கழற்றி, கேனுலாவை எடுக்காமல் புதிய செட்டில் சலைன் மாட்டி, மருத்துவரை அழைக்க வேண்டும். பையையும் செட்டையும் குப்பையில் போடக்கூடாது. ரத்த வங்கிக்கு அனுப்பி, அதற்கு முன்பே தொலைபேசியிலும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பைகள் இடம் மாறியிருந்தால், இவருக்குரிய பை அந்நேரம் இன்னொருவருக்கு ஏறிக்கொண்டிருக்கலாம்.