சராசரி ஆயுள் எதைச் சொல்கிறது?

உலக மக்களின் சராசரி ஆயுள் இன்று ஏறத்தாழ 73 ஆண்டுகள் என்று படிப்பவர்களில் பலர், இப்போது பிறக்கும் குழந்தை அந்த வயதுவரை வாழும் என்று பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அது இன்றைய இறப்பு வீதங்களின் சுருக்கம் மட்டுமே. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதினரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டு, அந்த வீதங்கள் இனி மாறவே மாறா என்று வைத்துக்கொண்டு, ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்ததாகக் கருதி, அவர்கள் அனைவரும் இறக்கும்வரை கணக்கை நீட்டினால் கிடைக்கும் சராசரியே ‘பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள்’. வானியலாளர் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவு நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு இத்தகைய ஆயுள் அட்டவணை ஒன்றை 1693-இல் வெளியிட்டார்.

1900-ஐ ஒட்டி உலகச் சராசரி 32 அளவில்தான் இருந்தது. அதனால் அக்காலத்தவர் முப்பது வயதிலேயே முதுமையடைந்தார்கள் என்று நினைப்பது பெரும் பிழை. பத்துக் குழந்தைகளில் மூவர் பிறந்த சில நாள்களில் இறந்து, மற்ற எழுவரும் 60 வயதுவரை வாழ்ந்தால் சராசரி 42 என்றே வரும். ஆனால் 42 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் எப்போதும் பிறப்பின்போது கணக்கிடும் சராசரியினும் அதிகம். இன்றும் 65 வயதை எட்டியவர்கள், உலக அளவில் சராசரியாக 80-ஐத் தாண்டுகிறார்கள்.

ஆகவே ஆயுளை முதலில் உயர்த்தியவை முதுமையை வென்ற மருந்துகள் அல்ல. தூய குடிநீர், கழிவுநீர் வடிகால், தடுப்பூசி, போதிய உணவு, பாதுகாப்பான பிரசவம், தாயின் கல்வி ஆகியவையே குழந்தைகளைக் காத்தன. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தையை உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீர் பிழைக்க வைக்கிறது என்ற அறிவு, என் கருத்தில், எந்த அறுவைச் சிகிச்சைக்கும் குறைந்ததன்று. குழந்தை இறப்பு குறைந்த நாடுகளில் ஆயுளைத் தீர்மானிப்பவை இதய நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவை. வாழ்நாள் முழுவதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார். வறுமையும் ஆயுளைக் குறைக்கிறது. ஒரே நகரின் இரு பகுதிகளுக்கிடையே பல ஆண்டு வேறுபாடு காணப்படுவதுண்டு. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெண்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள்; இதற்கு உடலியலோடு ஆண்களின் புகைப்பழக்கமும் விபத்துகளும் காரணம்.

கொரோனா பெருந்தொற்றால் 2019-க்கும் 2021-க்கும் இடையே உலகச் சராசரி 1.8 ஆண்டுகள் குறைந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2021-இல் பிறந்த குழந்தைகள் அந்த அளவுக்குக் குறைவாக வாழ்வார்கள் என்பது இதன் பொருளன்று. அந்த ஆண்டின் இறப்பு வீதங்களை அவர்களுடைய வாழ்நாள் முழுவதற்கும் நீட்டியதால் வந்த எண் அது. தொற்று தணிந்ததும் அது மீண்டும் உயர்ந்தது.