கடலோரம் தேறுகிறதா? அளப்பதில் கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு தொண்டூழியக் குழு சென்ற ஆண்டு 200 கிலோ குப்பை அள்ளியது, இந்த ஆண்டு 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை தேறியதா, கெட்டதா? இந்த இரண்டு எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆட்கள் கூடியிருக்கலாம், நடந்த தூரம் கூடியிருக்கலாம். முன்பு பிப்ரவரியிலும் இம்முறை ஜூலையிலும் போயிருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் தெற்குக் கரையில் மிதவைக் குப்பை அதிகம் ஒதுங்கும். ஈர மணல் அப்பிய ஒரு மீன்வலையே எடையை எங்கோ கொண்டுபோய்விடும்.

ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மையில் நாங்கள் அதிகம் காணும் பிழை இதுதான். செய்த வேலையை எண்ணி, அதையே விளைவு என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம். நடந்த கூட்டங்கள், நட்ட கன்றுகள், அள்ளிய கிலோ எல்லாமே உழைப்பின் கணக்கு. கடலோரத்தின் நிலையைத் தனியாக அளக்க வேண்டும்.

குப்பையிலிருந்தே தொடங்கலாம். 100 மீட்டர் கரையைத் தேர்ந்து, இரு முனைகளின் ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலை விளிம்பு முதல் செடிகள் தொடங்கும் இடம் வரை முழுவதும் பொறுக்குங்கள். எடையோடு நிறுத்தாமல் பொருள்வாரியாக எண்ணுங்கள்: ஸ்ட்ரா எத்தனை, நுரைப் பெட்டித் துண்டு எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை. சிகரெட் துண்டு பெரும்பாலும் பூங்காவுக்கு வந்தவர்கள் போட்டது. பாசி படிந்த போத்தல் கடல்வழி வந்தது. இரண்டுக்கும் தீர்வு வேறு. ஆள் எண்ணிக்கை, நிமிடம், ஏற்றவற்ற நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். அதே இடத்துக்குக் குறித்த நாள்கள் கழித்துத் திரும்பிப் போனால்தான் குப்பை சேரும் வேகம் தெரியும். 1992 முதல் சிங்கப்பூரில் நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கம், அள்ளுவதோடு வகைவாரியாகப் பதிவு செய்யவும் சொல்வது இதற்காகத்தான்.

நிலையைக் காட்டும் அளவுகளை நிர்வாகம், இயற்கை, மக்கள் என மூன்று வகையாகப் பிரித்து, மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்கு, புலாவ் உபின் தீவின் கரையோரச் சதுப்புப் பகுதியான செக் ஜாவா நல்ல சான்று. 2001 இறுதியில் அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது. தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் அந்த இடத்தின் உயிர்களைப் பதிவு செய்து காட்டியது ஒரு முக்கியக் காரணம். நிர்வாகக் கணக்கில் அது பெரிய வெற்றி. ஆனால் 2007 தொடக்கத்தில், கனமழைக்குப் பின் ஜொகூர் ஆற்று நன்னீர் பெருகி உவர்ப்பு குறைந்ததால் கடற்பஞ்சு, கடல் சாமந்தி ஆகிய கடல் உயிர்கள் திரளாக மடிந்தன. உவர்ப்பையும் மழையையும் கூடவே பதிவு செய்யாத ஒருவர், பாதுகாப்பே தோற்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார். விளைவுக்குப் பக்கத்தில் எப்போதும் காரணத்தையும் அளக்க வேண்டும்.

கடற்புல்லை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. 25 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் நீளக் கயிறுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்தால் கயிற்றுக்கு 11, மொத்தம் 33 சட்டங்கள். ஒவ்வொன்றிலும் புல் எத்தனை விழுக்காடு மூடியுள்ளது, எந்த இனம், பாசி எவ்வளவு என்று குறிக்க வேண்டும். ஆபத்து கண்ணில்தான் இருக்கிறது: ஒருவர் 30 என்பதை இன்னொருவர் 50 என்பார். ஆகவே இறங்குமுன் மாதிரிப் படங்களை வைத்து எல்லாரும் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு சட்டத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும். தேங்கிய நீரில் நீள இலைகள் படர்ந்து கிடந்தால் அளவு கூடித் தெரியும். புல்லே இல்லாத சட்டத்துக்கும் சுழியம் என்று எழுதுங்கள்; வெற்றுக் கட்டம் பின்னாளில் யாருக்கும் பொருள் சொல்லாது.

நீரின் தரத்தில் சராசரி பொய் சொல்லும். குளிக்கத் தகுந்த கடற்கரைக்கு இங்கே பார்க்கப்படுவது என்டரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர். 100 மில்லிலிட்டரில் 200க்கு மேற்படாத அளவு 95 விழுக்காட்டு மாதிரிகளிலாவது இருக்க வேண்டும். 20 மாதிரிகளில் 18இல் 10, இரண்டில் 1,500 என்றால் சராசரி 159 வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு நாள்களில் குளித்த பிள்ளைகளுக்குச் சராசரி உதவாது. அந்த இரண்டும் பெருமழைக்கு மறுநாள் எடுத்தவையா என்று பாருங்கள். அப்படியென்றால் கரையைவிட, அங்கு வந்து சேரும் வடிகாலைத்தான் ஆராய வேண்டும்.

சதுப்புநிலக் காட்டில் கன்று நட்ட எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிறோம். மூன்றாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்பதுதான் அளவு. தாழ்வான சேற்றில் நட்டவை நெடுநேரம் நீரில் மூழ்கிச் சாகின்றன, தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டி ஏறி ஒடிகின்றன. நீரோட்டத்தைச் சீர்செய்தால் விதைகள் தாமே வந்து ஊன்றும். அங்கே எண்ண வேண்டியது தானாக முளைத்த நாற்றுகளை.

சேறு உயர்கிறதா என்பதற்கு, கெட்டியான அடித்தளம் வரை இறக்கிய கம்பியில் கைபோல் நீளும் ஒரு சட்டத்தைப் பொருத்தி, நான்கு திசைகளில் ஒன்பது ஊசிகள் வீதம் 36 அளவுகள் எடுக்கிறார்கள். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அதனால் அளவிடத்தில் ஒரு காலடி பட்டாலே பல ஆண்டு உழைப்பு வீண். ஊசி நண்டு வளையில் விழுந்தால் அதைக் குறித்து ஒதுக்கிவிட வேண்டும். 2100க்குள் நம் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024இல் வெளிவந்த தேசிய ஆய்வு கணித்திருக்கிறது. காடு அதோடு சேர்ந்து உயருமா என்பதை இந்த ஊசிகள்தான் சொல்லும்.

ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 800 ஹெக்டர் பரப்பில், கடலைத் தூர்த்து உருவாக்கும் லாங் ஐலண்ட் திட்டமிடப்பட்டுள்ளது. முதல் மணல் கொட்டப்படுமுன் இரு பருவக்காற்றுகளும் அடங்கும் ஓராண்டு அளவாவது கையில் இருக்க வேண்டும், ஈராண்டு இருந்தால் இன்னும் நல்லது. பணியால் பாதிக்கப்படாத, அதே போன்ற இன்னொரு கரையிலும் அதே நாள்களில் அதே முறையில் அளக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பின்னர் நீர் கலங்கும்போது காரணம் கட்டுமானமா பருவக்காற்றா என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.