தேன்சிட்டின் தொண்டை ஒரு படத்தில் ஊதா, அடுத்த படத்தில் கறுப்பு: ஏன்?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறார். தோட்டத்து முருங்கை பூத்திருக்கிறது. தேன் குடிக்க வந்தது ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டு. கேமரா படபடவென்று எடுத்துத் தள்ளியதில் அடுத்தடுத்து விழுந்த படங்கள் அவை. முதல் படத்தில் தொண்டையும் மார்பும் ஊதாவும் நீலமுமாகத் தகதகக்கின்றன. இரண்டாவதில் அதே தொண்டை வெறும் கரி. "சென்சாரில் கோளாறா, லென்ஸில் கோளாறா? சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். இரண்டு படமும் சரியான படம்தான்.

பறவை கறுப்பாக விழுந்தால் எக்ஸ்போஷர் குறைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துவிடும், பறவை நிழலுருவாகிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடுகிற விஷயம் இது. படம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவர் அனுப்பிய இரண்டு படத்திலும் முருங்கைப் பூ ஒரே வெண்மையில் இருக்கிறது, இலையும் ஒரே பச்சைதான். மாறியது தொண்டை மட்டும். ஆகவே காரணத்தை இறகுக்குள்தான் தேட வேண்டும்.

பறவைகளின் நிறம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, சாயம். மாங்குயிலின் மஞ்சள் கரோட்டினாய்டுகளால் வருவது. காக்கையின் கறுப்பு மெலனினால் வருவது. இன்னொன்று, இறகின் நுண்ணமைப்பு. பறவைகள் தங்கள் உடம்பில் நீலச் சாயம் தயாரிப்பதில்லை. மீன்கொத்தி, பனங்காடை, மயில், தேன்சிட்டு என்று நாம் வியந்து பார்க்கும் நீலமெல்லாம் இறகின் கட்டமைப்பு ஒளியோடு விளையாடுவதால் வருகிற நிறம். கிளியின் பச்சைகூட, மஞ்சள் சாயத்தோடு இந்த அமைப்பு நீலம் கலந்து வருவதுதான்.

தேன்சிட்டின் இறகை எடுத்துக்கொள்வோம். நடுவே ஒரு தண்டு, அதிலிருந்து இரு பக்கமும் இழைகள், ஒவ்வோர் இழையிலிருந்தும் இன்னும் மெல்லிய நுண்ணிழைகள். பளபளப்பு இருப்பது இந்தக் கடைசி நுண்ணிழையில். அதை வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மெலனின் துணுக்குகள் கெரட்டினுக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தெரியும். நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அந்த வகைப் புரதம்தான் கெரட்டின். காக்கைக்குக் கறுப்பைத் தரும் அதே மெலனின்தான் இங்கேயும் இருக்கிறது. மூலப்பொருளில் புதிதாக எதுவும் இல்லை, அடுக்கிய விதம்தான் வேறு.

இந்த அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய படலம். படலத்தின் மேல்பரப்பில் படும் ஒளியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். மீதி உள்ளே இறங்கி அடிப்பரப்பில் பட்டு, அப்புறம் திரும்பும். இரண்டாவது கதிர் சற்றுக் கூடுதல் தூரம் போய் வருகிறது. இரண்டும் மறுபடி சேரும் இடத்தில் அலையின் முகடும் முகடும் ஒத்துப்போனால் ஒளி கூடும். முகடும் பள்ளமும் சந்தித்தால் அடங்கிவிடும். எந்த நிறத்துக்கு முகடுகள் ஒத்துப்போகும் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது. மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவதும் இதே கணக்கில்தான். பிளஸ் டூ இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஒற்றைப் படலம் திருப்பியனுப்பும் ஒளி கொஞ்சம்தான். பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடைவெளியில் அமைந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். நிறம் கண்ணைப் பறிக்கும். தப்பி உள்ளே போகும் ஒளியை மெலனின் விழுங்கிவிடுவதால் வெளிறலும் வராது. கறுப்புத் தளத்தின்மேல் தூய நிறம் நிற்பதால்தான் அது உலோகம்போல் மின்னுகிறது.

இதில் எத்தனை துல்லியம் வேண்டும் என்பதற்கு மயில் நல்ல சாட்சி. மயிலின் தோகையில் மெலனின் குச்சிகள் சதுரக் கட்டங்களாக நிற்கின்றன. இடையிடையே காற்றுத் துளைகள். 2003-இல் சீன இயற்பியலாளர்கள் அந்தக் கட்டங்களை அளந்தார்கள். நீல நுண்ணிழையில் கட்டத்தின் இடைவெளி 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். அத்தனை சிறிய உலகத்தில் வெறும் 25 நானோமீட்டர் கூடினால் நீலம் மஞ்சளாகிவிடுகிறது. வளரும் இறகின் செல்லுக்குள் இந்த அடுக்கு தானாக அமைந்து, கெரட்டின் இறுகி, அப்புறம் அந்தச் செல் செத்தும்போகிறது. அதற்குப் பிறகு திருத்த வழியே இல்லை. ஒரு தோகையில் இலட்சக்கணக்கில் இருக்கும் நுண்ணிழைகளில் ஒவ்வொன்றும் இந்த அளவைத் தவறாமல் பிடித்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது?

தேன்சிட்டின் நுண்ணிழைகள் தட்டையானவை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடி எல்லாத் திசைக்கும் ஒளியை இறைக்காது. எந்தக் கோணத்தில் வாங்கியதோ அதே கோணத்தில் மறுபக்கம் அனுப்பும். சூரியன், இறகு, லென்ஸ் மூன்றும் அந்தக் கோணத்துக்குப் பொருந்தி நின்றால் ஊதா உங்களுக்கு வரும். பொருந்தாவிட்டால் ஊதா வேறெங்கோ போகும்; உங்களுக்கு மிஞ்சுவது மெலனினின் கறுப்பு. இன்னொன்றும் உண்டு: கண்ணாடி 10 டிகிரி திரும்பினால் அது அனுப்பும் கதிர் 20 டிகிரி திரும்பும். தேன்சிட்டு தலையைச் சற்றே ஒடித்தால் போதும், நிறம் முழுதாக இடம்பெயர்ந்துவிடும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு நடுவே 0.05 நொடி இருக்கிறது. அந்தக் குருவிக்கு அது தாராளமான நேரம்.

கோணம் மாறும்போது நிறத்தின் சாயலும் மாறும். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நம் ஊகம் இங்கே தலைகீழாகிவிடும். ஒளி சாய்வாக நுழைந்தால் படலத்துக்குள் அது கடக்கும் தூரம் கூடும். தூரம் கூடினால் நீண்ட அலை ஒத்துப்போக வேண்டும். ஆக நிறம் சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு: நிறம் நீலப் பக்கம் போகிறது. காரணம், கணக்கில் வருவது உள்ளே போன கதிரின் தூரம் மட்டும் அல்ல. இரண்டு கதிர்களுக்கும் உள்ள வித்தியாசம். உள்ளே போன கதிர் சாய்வாகச் சென்று கொஞ்சம் தள்ளி வெளியே வருகிறது. அது வருவதற்குள் மேலேயே திரும்பிய கதிரும் காற்றில் கொஞ்ச தூரம் ஓடிவிடுகிறது. சாய்வு கூடக்கூட இந்த ஓட்டம் வேகமாகக் கூடும். கழித்துப் பார்த்தால் வித்தியாசம் குறைகிறது. குறுகிய அலை ஒத்துப்போகிறது. பச்சையாகத் தெரிந்த இடம் சாய்வில் நீலமாகும், நீலம் ஊதாவாகும். ஊதாவைத் தாண்டினால் புற ஊதா. அது நமக்குத் தெரியாது. சென்சாருக்கு முன்னால் அதை வடிகட்டும் கண்ணாடி இருப்பதால் கேமராவிலும் பதியாது. பல பறவைகளின் கண்ணுக்கு அது தெரியும். ஒரு தேன்சிட்டை இன்னொரு தேன்சிட்டு பார்க்கும் படத்தை நம் கேமராவால் எடுக்கவே முடியாது.

களத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது? காலைச் சூரியன் தாழ்வாக, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போது பறவை உங்களை நேராகப் பார்க்கும் நொடியில் நிறம் லென்ஸுக்கே திரும்பி வரும். நீங்கள் நகர்ந்து கோணம் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை: 6 மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் நகர்ந்தால் கோணம் 5 டிகிரிகூட மாறாது. பறவை தலையைத் திருப்பினாலே அதைப்போல் பல மடங்கு. ஆகவே நல்ல இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பதே உத்தமம். தேன்சிட்டு ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். எடுத்த படத்தில் வண்ணவாரியாக ஹிஸ்டோகிராமைப் பாருங்கள் (இருட்டு இடது ஓரம், வெளிச்சம் வலது ஓரம் என்று படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடம் அது). மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும் நீலம் மட்டும் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கலாம். அப்படியானால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்க வேண்டும். கறுப்பாக விழுந்த படத்தைக் கணினியில் இழுத்து ஊதாவாக்க முயல வேண்டாம். அங்கே இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, தீட்டித்தான் தரும்.

மீன்கொத்தியில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பள்ளிக்கரணையில் மப்பும் மந்தாரமுமான நாளில் எடுத்தாலும் சிறு நீல மீன்கொத்தியின் முதுகு நீலமாகவே விழும். அதன் நீலம் நுண்ணிழையில் இல்லை, இழைக்குள் இருக்கிறது: கெரட்டினுக்குள் காற்றுப் பொந்துகள் நிறைந்த பஞ்சு போன்ற அமைப்பு. பொந்துகள் வரிசையாக இல்லை. ஆனால் எந்தத் திசையில் அளந்தாலும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ அதே நீலம். வானம் நீலமாகத் தெரிவதுபோல வெறும் ஒளிச்சிதறல்தான் இது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன், நோபல் பரிசு பெற்ற சில ஆண்டுகளில், 1930-களின் நடுவில், பனங்காடையின் இறகை எடுத்துவைத்து இந்தக் கேள்வியை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1998-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைக் கணிதத்தால் அலசி, அந்தப் பொந்துகளின் இடைவெளியில் ஒழுங்கு இருக்கிறது, சிதறும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் நீலத்தைத் தருகின்றன என்று காட்டினார்கள்.

பனங்காடையைச் சொன்னதும் ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். வட இந்தியாவில் தசராவன்று இந்தப் பறவையைக் கண்ணால் கண்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. அதற்காகவே பிடித்து, சிறகைக் கட்டி, வீடு வீடாகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். நீலகண்டனின் பறவை என்று கும்பிட்டுக்கொண்டே அதைக் கொல்வது எந்த வகைப் பக்தி? நம் ஊரில் பிள்ளைகள் மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்து அது குட்டி போடும் என்று காத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையால் யாருக்கும் கேடில்லை. அப்படி வைத்த இறகைப் பல வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள், நீலம் அப்படியே இருக்கும். சாயம் வெளுக்கும்; அமைப்பு சிதையாத வரை அமைப்பு நிறம் வெளுக்காது. ஜெர்மனியின் மெஸ்ஸல் பள்ளத்தில் கிடைத்த, 4 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான இறகுப் புதைபடிவத்தில்கூட மெலனின் துணுக்குகளின் அடுக்கைக் கண்டிருக்கிறார்கள்.

படம் எடுப்பவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. ஆண் தேன்சிட்டு இப்படி மின்னுவது இனப்பெருக்கக் காலத்தில்தான். அதாவது கூடு கட்டும் காலத்தில். சிலந்தி வலையும் மரப்பட்டைத் துணுக்கும் சேர்த்துத் தொங்கவிட்ட அந்தக் கூட்டுக்கு, மறைத்திருக்கும் இலைதான் பாதுகாப்பு. 'தெளிவாக விழட்டும்' என்று அந்த இலைகளை ஒடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் கிடைத்துவிடும், கூடு காக்கையின் கண்ணிலும் பட்டுவிடும், குஞ்சுகள் நேர்வெயிலில் வாடும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் அப்படித்தான். போட்டிக்கு வேறோர் ஆண் வந்துவிட்டது என்று நம்பி, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்குகிறது. கூட்டுப் படங்களை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு 600 மில்லிமீட்டர் எஃப்/4 லென்ஸின் விலை பத்து லட்சத்தைத் தாண்டும். அதை வாங்குகிறவர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மாவட்டக் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி, உதிர்ந்த இறகு ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது! "இதனால் என்ன பயன்?" என்று கேட்பார்கள். வெளுக்காத, சாயமே சேராத வண்ணப்பூச்சை இந்த வழியில் செய்யப் பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் இல்லாவிட்டாலும் அவளுக்கு நிதி தர வேண்டும். ராமன் பனங்காடை இறகைக் கையில் எடுத்தது பெயின்ட் விற்பதற்காக அல்ல.

லென்ஸ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மாடப்புறாவின் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பல அடுக்கு கிடையாது. நுண்ணிழையின் மேல்தோலாக ஒரே ஒரு கெரட்டின் படலம், அரை மைக்ரோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். காலை வெயிலில் மொட்டைமாடிக்கு வரும் புறாவுக்கு நாலு தானியம் இறைத்துவிட்டு, கைப்பேசியில் வீடியோவை ஓடவிடுங்கள். அப்புறம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அது கழுத்தை ஆட்டி நடக்கும்போது பச்சையாக இருந்த இடம் ஊதாவாகும், ஊதாவாக இருந்த இடம் பச்சையாகும். புறாவின் ஊதா, நீலமும் சிவப்பும் கலந்தது; சாய்வில் அந்தச் சிவப்பு பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.