பிஸ்டல் பார்ட் உட்கார்ந்துவிட்டது, சரி. வேலை செய்கிறதா?

அமெரிக்காவில் பிஸ்டல் உதிரிபாகம் வாங்குவது செல்போன் கவர் வாங்குவதுபோல ஆகிவிட்டது. ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது. வீடியோ பார்த்துக்கொண்டே மாட்டிவிடுகிறார்கள். அப்புறம்தான் துப்பாக்கி பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வருகிறார்கள்.

அதிகம் வருவது 1911. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல். இரண்டாம் உலகப் போரில் கோல்ட், இத்தாகா, டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட் எல்லாம் இதைச் செய்தன. ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் துப்பாக்கியில் உட்கார வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. இன்று இதைச் செய்யும் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆளுக்கொரு அளவு. கிளாக் கம்பெனி பிஸ்டல் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு. கம்பெனி பாகம் என்றால் பெரும்பாலும் கழற்றி மாட்டினால் போதும்.

1911-இலும் கைப்பிடித் தகடு, சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதி) முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் போன்றவற்றை நீங்களே மாற்றலாம். ஐந்து அங்குலக் குழல் உள்ள .45-க்கு வழக்கமான ஸ்பிரிங்கின் விசை 16 பவுண்டு. அதற்கு என்னிடம் வரத் தேவையில்லை.

தவறிச் சுடாமல் தடுக்கும் கட்டைவிரல் சேஃப்டி அப்படியல்ல. அதை மேலே தள்ளினால் அதன் உள்ளே இருக்கும் முனை, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சின்னத் துண்டான சியரை அசையவிடாமல் தடுக்கும். சியர் அசைந்தால்தான் ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி, விழும். புதிய சேஃப்டியில் அந்த முனை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகவே வரும். துப்பாக்கிக்கு ஏற்ப ராவிச் சரிசெய்ய வேண்டும். அரத்தை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டால் சேஃப்டி 'டக்'கென்று அழகாக மேலேறும், பார்வைக்கும் குறை தெரியாது. ஆனால் உள்ளே சியருக்கு அசைய இடம் கிடைத்திருக்கும். ராவிய உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. புதிதாக வாங்க வேண்டியதுதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்திவிட்டு விடுங்கள். சேஃப்டியை எடுங்கள். ஹேமர் விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். விழாவிட்டாலும் ஹேமரைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னால் இழுத்துக் கேளுங்கள். சின்னதாக ஒரு 'டிக்' கேட்டால் சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொண்டுவந்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது இன்னொன்று. 'ராவ வேண்டாம், அப்படியே மாட்டலாம்' என்று விற்கும் ஹேமர்-சியர் செட்டை மாட்டுவார்கள். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும். சேஃப்டியைத் தொடவே இல்லையே என்பார்கள். ஆனால் அந்தச் சேஃப்டி பழைய சியருக்கு ராவியது. சியர் மாறினால் அதையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் ட்ரிகரை விடும் பிடி சேஃப்டியும் அப்படித்தான்: ட்ரிகர் மாறினால் அது பிடிக்கிறதா என்று பாருங்கள்.

சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரில் ராவும் வேலையைவிட வளைக்கும் வேலைதான் அதிகம். ஸ்லைடைத் தனியே கழற்றி, கொக்கிக்கு அடியில் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவை நுழைத்து லேசாக ஆட்டினால் விழக் கூடாது. விழுந்தால் இறுக்கம் போதாது.

இந்தியாவில் உரிமம் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும்.

பட்டறைக்கு வரும்போது கழற்றிய பழைய பாகத்தையும் கொண்டுவாருங்கள். முன்பு எவ்வளவு ராவியிருந்தார்கள் என்பது அதில்தான் தெரியும்; பல நேரம் அதையே திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறேன்.