பறக்கும் தட்டைச் சுடும் பொழுதுபோக்கு: தமிழ்நாடு-கேரள எல்லை ஊர்க்காரர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

எந்திரம் காற்றில் எறியும் சிறு தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு ராஜாக்களுக்கும் ராணுவத்துக்கும்தான் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய கர்ணி சிங், பிகானேர் மகாராஜா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், ராணுவ அதிகாரி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவரான பிருத்விராஜ் தொண்டைமானும் புதுக்கோட்டை அரச குடும்பத்துக்காரர்தான். ஆனால் சட்டப் புத்தகத்தில் ராஜாவுக்கென்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது. கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும் கோபாலபுரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கும் ஒரே சட்டம்தான்: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம் அளவில் இருக்கும். டிராப் பிரிவில் சுடுபவருக்கு எதிரே ஒரு பள்ளம். அதற்குள் 15 எந்திரங்கள். குரல் கொடுத்த கணத்தில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு பாய்ந்து வரும். இடமா, வலமா, உயரமா, தாழ்வா என்பது அது வெளியே வந்த பிறகுதான் தெரியும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஸ்கீட் வேறு மாதிரி: அரைவட்டத்தின் இரு முனைகளிலும் இரண்டு வீடுகள், ஒன்றிலிருந்து உயரமாகவும் மற்றதிலிருந்து தாழ்வாகவும் தட்டு வரும். சுடுபவர் 8 இடங்களுக்கு மாறி மாறி நின்று சுடுவார். இரண்டுக்கும் 12 போர் (குழலின் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கிதான். தோட்டாவுக்குள் 24 கிராம் பொடி ஈய ரவை.

களத்தில் போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சுடுவதல்ல, நடப்பது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது எல்லார் கையிலும் துப்பாக்கி மடங்கித் திறந்தே இருக்கும். குழலுக்குள் வெளிச்சம் தெரிய வேண்டும். பத்தடிதான், தோட்டா இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் அங்கே பேச்சு எடுபடாது. மூடிய துப்பாக்கியோடு நடந்தவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். துப்பாக்கி உரிமம் என்றாலே "அதெல்லாம் பெரிய இடத்து ஆளுங்களுக்குத்தான் கிடைக்கும்" என்று சொல்பவர்கள், ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ள துப்பாக்கியை விளையாட்டுக்காகவோ தற்காப்புக்காகவோ இந்தியக் குடிமகன் கேட்டால், உரிமம் "வழங்க வேண்டும்" என்றுதான் அது சொல்கிறது. தட்டு சுடும் துப்பாக்கிகளின் குழல் வழக்கமாக 28 அங்குலத்துக்குக் குறையாது, ஆகவே இந்த வகைக்குள் தாராளமாக வந்துவிடும். மறுப்பதற்கான காரணங்கள் 14-ஆம் பிரிவில் உண்டு: மனநலம் சரியில்லை, பொது அமைதிக்கு ஆபத்து, சட்டப்படி தடை செய்யப்பட்டவர் என்பது போல. அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதன் சுருக்கத்தை நாம் கேட்டு வாங்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: உரிமத்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் கிளப்பில் சேருங்கள். துப்பாக்கிச் சுடும் கிளப்புகள் தங்கள் பெயரில் உரிமம் எடுத்து ஆயுதம் வைத்திருக்கும். உறுப்பினர்கள் பயிற்சியாளர் முன்னிலையில், களத்துக்குள், அதை வைத்துச் சுடலாம். தோட்டாவையும் அங்கேயே வாங்கி, அங்கேயே சுட்டு, காலி உறையை அங்கேயே போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். ஆனால் எல்லா கிளப்பிலும் தட்டு சுட வசதி கிடையாது. பெரும்பாலானவை ஏர் ரைஃபிள், பிஸ்டலோடு நின்றுவிடும். சேரும் முன் "ஷாட்கன் ரேஞ்ச் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் திறப்பீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். சிலர் சந்தா கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். மாநிலச் சங்கத்திலும் அதன் வழியாக இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்திலும் பதிவு செய்துகொள்வது பின்னால் பலவிதத்தில் உதவும். அதற்கும் கிளப்தான் வாசல்.

வயது விஷயத்தில் குழப்பம் அதிகம். சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 21 வயது ஆக வேண்டும். பயிற்சிக்கு மட்டும் 12 வயதிலிருந்தே வழி உண்டு, அதுவும் பெரியவர்களின் நேரடிக் கண்காணிப்பில். பையனுக்கு ஆசை, அப்பா பெயரில் உரிமம் எடுத்து அவன் கையில் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் வேண்டாம். ஆனால் அதை வைத்துப் பறக்கும் தட்டைச் சுட முடியாது. குறி பழகலாம், அவ்வளவுதான்.

உரிமம் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். மாவட்டங்களில் கலெக்டர்தான் உரிமம் தரும் அதிகாரி. கோவை மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு போலீஸ் கமிஷனர். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிக்கான சான்று எல்லாம் வழக்கம் போலத்தான். கூடுதலாக இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான எஸ்-1 சான்றிதழ். இன்னொன்று, உடலும் மனமும் நலமாக இருப்பதாக மருத்துவர் தரும் எஸ்-3 சான்றிதழ். போதைப் பொருளுக்கு அடிமையில்லை என்பதும் அதில் வர வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போவதையெல்லாம் டாக்டர் கேட்பாரோ என்று ஒருவர் கவலைப்பட்டார். அடிமையா என்பதுதான் கேள்வி, அண்ணா, ருசி பார்த்தீர்களா என்பதல்ல.

விண்ணப்பம் போலீஸ் விசாரணைக்குப் போகும். 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. விதி அப்படி, நடப்பு எப்படி என்பது உங்கள் ஊர் ஸ்டேஷனைப் பொறுத்தது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவ்வப்போது போய்க் கேளுங்கள். உரிமம் வந்ததும் அதில் உங்களுக்கென்று தனி அடையாள எண் இருக்கும். அது தேசிய ஆயுத உரிமத் தரவுத் தளத்தில் பதிவாகும். அந்த எண் இல்லாத பழைய உரிமத்தை வைத்துக்கொண்டு, "எங்க அப்பா காலத்திலேர்ந்து இருக்குது" என்று சொல்வதில் பயனில்லை. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டு செல்லும். முன்பு 3 ஆண்டுதான்.

அதே திருத்தம் இன்னொன்றையும் மாற்றியது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம், இப்போது இரண்டுதான். வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருந்தால், அதை வைத்தே தட்டு சுடலாமே என்று தோன்றும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பழைய துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டப்பட்டது. இன்று களத்தில் சுடுவது 70 மில்லிமீட்டர். உள்ளே போவது போலப் போய்விடும், அதுதான் ஆபத்து. சுட்டதும் உறையின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்திருக்கும் எண்ணைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

பெரட்டா, பெராஸி என்று வெளிநாட்டுக் கம்பெனிகளின் மேல்கீழ்க் குழல் துப்பாக்கிகளைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுபவர்களுக்கு: வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண உரிமத்தில் நேரடியாக இறக்குமதி செய்ய முடியாது. அந்தச் சலுகை தேர்ச்சி பெற்ற போட்டியாளர்களுக்குத்தான். இரண்டு துப்பாக்கி வரம்புக்கு மேலே வைத்துக்கொள்ளும் விலக்கும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அதை விரிவாக்கியது. பொழுதுபோக்குக்குச் சுடுபவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இனி நம் ஊர்ச் சிக்கல். தமிழ்நாட்டில் ஒரு காலும் கேரளத்தில் ஒரு காலும் வைத்து வாழ்கிறவர்கள் நாம். பால் அங்கே ஊற்றுகிறோம், தேங்காய் இங்கே விற்கிறோம், கல்யாணம் இரண்டு பக்கமும் நடக்கிறது. துப்பாக்கிக்கு மட்டும் இந்தச் சௌகரியம் இல்லை. உரிமத்தில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டிய நிமிடத்திலிருந்து கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கிதான். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. சோதனைச் சாவடியில் "விளையாட்டுக்குத்தான் சார் கொண்டுபோறேன்" என்பது பதிலாகாது.

ஆகவே விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பகுதி என்று கேட்கும் இடத்தை மேலோட்டமாக நிரப்பாதீர்கள். மாவட்டம், மாநிலம், நாடு முழுவதும் என்று கேட்க அங்கே இடம் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர் கேரளத்துக் களத்தில் பழகப் போகிறார் என்றால், அந்தக் கிளப்பின் உறுப்பினர் சான்றை இணைத்து, காரணத்தோடு கேரளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சித்தூர் தாலுகாவில் குடியிருந்து கோவையில் பழகுபவருக்கு இதன் மறுபக்கம். விண்ணப்பிக்கும் இடம் குடியிருக்கும் மாவட்டம்தான்; தோப்பு எங்கே இருக்கிறது, ரேஷன் கார்டு மாமனார் வீட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. வீடு மாறி எல்லையைத் தாண்டினால் 30 நாளுக்குள் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாலும் மாநிலம் மாறியதாகத்தான் அர்த்தம்.

பொது இடத்தில் கொண்டுபோகும்போது துப்பாக்கி முழுக்க மூடிய உறையில், தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும். உரிமத்தின் அசல் கையில் இருக்கட்டும். கல்யாண வீட்டுக்கும் போய்விட்டு களத்துக்கும் போகலாம் என்று வண்டியில் வைத்துப் போவது நல்லதல்ல. யாராவது "ஒரு வெடி வெடிங்க மாப்பிள்ளை" என்பார்கள். கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தோப்பிலேயே ஒரு எந்திரத்தை வைத்துத் தட்டு விட்டுச் சுடலாமா? கூடாது. சுடும் களத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதியை விட்டாலும், பொடி ரவை 200 மீட்டருக்கு மேலும் போகக்கூடும். தென்னை ஏறுபவரும் மாடு மேய்ப்பவரும் அந்தத் தூரத்துக்குள்தான் இருப்பார்கள்.

காட்டுப்பன்றி விஷயத்தையும் இதோடு கலக்கிறார்கள். கேரளத்தில் 2022-இலிருந்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குத் தரப்பட்டது. சுடுபவர் உரிமம் உள்ளவராக, அதற்கென்று அனுமதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். தட்டு சுடத் தெரியும் என்பதால் நீங்களாகவே தோட்டத்தில் இறங்கிவிட முடியாது. பயிர்க் காவலுக்கான உரிமமும் விளையாட்டுக்கான உரிமமும் வேறு வேறு படிவம், வேறு வேறு நிபந்தனை. எதற்கு வாங்கினீர்களோ அதற்குத்தான்.

கடைசியாகத் தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. சங்கத்தில் பதியச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். வெறும் பொழுதுபோக்குக்காரர் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2021-இல் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6 அன்றே வாக்களித்ததால் ஒரே தடவையில் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல்கள் அப்படிச் சேர்ந்து வருவதில்லை. ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.